காருக்குப் பின்னால் வரும் வீடு



'கேரவன்' என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் சினிமா படப்பிடிப்புதான் ஞாபகம் வரும். நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டி. பிரெஞ்சுக்காரர் 'கரவான்' என்று சொல்வது அதை அல்ல. அதற்கு எஞ்சினே கிடையாது. சக்கரங்களின் மேல் ஒரு சிறு அறை, முன்னால் ஓர் இழுவைத் தண்டு, அவ்வளவுதான். தண்டைக் காரின் பின்புறமுள்ள இரும்புக் குண்டில் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே படுக்கை, மடக்கு மேஜை, கேஸ் அடுப்பு, சிறு அலமாரி இருக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் காரைக் கழற்றிவிட்டால் வீடு அங்கேயே நிற்கும், கார் கடைத்தெருவுக்குப் போய் வரும். இந்தப் பதிவில் அதை 'இழுவை வீடு' என்றே சொல்கிறேன்.

இந்த வயதில் இது எனக்கெதற்கு என்று கேட்பீர்கள். பிரான்சில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு சிறிய இழுவை வீடு வாங்கப் போகிறானாம். எது வாங்கலாம், இருக்கும் கார் போதுமா, வேறு கார் மாற்ற வேண்டுமா என்று போனில் கேட்டான். பிரெஞ்சு வழியில் படித்து, தமிழில் கோப்பு எழுதி, ஆங்கிலத்தில் ஆணை தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கேள்வி வந்தாலும் அதன் பழைய கோப்பைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. தேடியதில் தெரிந்தது ஒன்று. இந்த இழுவை வீட்டின் சரித்திரம், சாதாரண மனிதனுக்கு விடுமுறை கிடைத்த சரித்திரத்தோடு பின்னிப் பிணைந்தது. அவன் கேட்ட கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் இது பணக்காரர் பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்றொருவர் இருந்தார். கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர் கதைகள் எழுதியவர். ஊர் சுற்றவென்றே 1885ல் ஒரு வண்டி வீடு செய்யச் சொன்னார். அதற்கு 'வாண்டரர்', அதாவது ஊர்சுற்றி, என்று பெயர். எடை ஏறக்குறைய 2 டன், இழுக்க 2 குதிரைகள். அதில் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். குறுகிய சாலையில் எதிரே வருபவர்களை எச்சரிப்பதற்காக அவருடைய வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவானாம்.

மேட்டில் ஏறும்போது குதிரைகள் திணறுமே, இறங்கும்போது வண்டி குதிரைகள் மேலேயே வந்து விழுமே என்ற கவலை அவருக்கும் இருந்திருக்கும். நம் மாட்டுவண்டிக்காரரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். பாரத்தைப் பார்த்து மாட்டைப் பூட்டு, மாட்டைப் பார்த்துப் பாரம் ஏற்று. இந்த விஷயத்தின் மூல விதி அதுதான். கார் வந்த பிறகும் அது மாறவில்லை.

கார் இழுக்கும் வீட்டுக்கு ஜெர்மனியில் ஓர் அழகான ஆரம்பம் உண்டு. இஸ்னி என்ற ஊரில் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவர் சாட்டையும் பனிச்சறுக்குக் கையுறையும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வியாபாரத்துக்காக எப்போதும் வெளியூரில் இருப்பார். அவருக்கு நிச்சயமான பெண் ஓவியர். இருவரும் சேர்ந்தே போகலாம், தானும் வழியில் படம் வரையலாம் என்று அவர் விரும்பினார். அதற்காக 1931ல் டெத்லெஃப்ஸ் தன் பட்டறையில் ஒரு சிறு இழுவை வீடு செய்தார். அதைப் பார்த்தவர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்க, சாட்டைக் கம்பெனி கரவான் கம்பெனியாகிவிட்டது. ஆனாலும் அன்று காரும் வைத்துக்கொண்டு, ஊர் சுற்ற நாளும் வைத்திருந்தவர் எத்தனை பேர்?

இங்கேதான் 1936 வருகிறது. விடுப்புப் பதிவேட்டோடு வாழ்ந்தவன் என்பதால் இந்தப் பகுதியில் எனக்குத் தனி ஈடுபாடு. அந்த ஆண்டு மே மாதம் பிரான்சில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 7ல் தொடங்கிய மாத்தீனியோன் பேச்சுவார்த்தை, மறுநாள் விடிவதற்குள் ஒப்பந்தமானது. லெயோன் புளும் அரசு ஜூன் 20ல் சட்டம் கொண்டுவந்தது. ஓராண்டு வேலை செய்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளத்தோடு 15 நாள் விடுப்பு. அதில் வேலை நாட்கள் 12. பிரெஞ்சில் இதைக் 'கோன்ஷே பேயே' என்பார்கள். ரயிலில் 40 சதவீதம் கட்டணக் குறைப்பும் கிடைத்தது. அதற்கு ஏற்பாடு செய்த அமைச்சர் லெயோ லக்ராஞ்ஜின் பெயரால் அதை 'லக்ராஞ்ஜ் டிக்கெட்' என்று அழைத்தார்கள். கடலையே பார்க்காத ஆலைத் தொழிலாளர்கள் ரயிலிலும், இருவர் மிதிக்கும் சைக்கிளிலும் கடலைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

அதே 1936ல், அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த நம் புதுச்சேரியில் என்ன நடந்தது? எட்டு மணி நேர வேலை கேட்டுப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடினார்கள். ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தார்கள். பாரீசில் சட்டம் கையெழுத்தாகி 40 நாள்தான் ஆகியிருந்தது. அங்கே தொழிலாளி கடற்கரைக்குப் போனான், இங்கே தொழிலாளி ஆலை வாசலில் விழுந்தான். அதன் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்டம் வந்தது. ஜூலை 30ஐ நாம் இன்றும் தியாகிகள் நாளாக நினைவுகூர்கிறோம். விடுமுறையைப் பற்றிப் பேசும்போது இந்த 12 பேரை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

போருக்குப் பிறகு பிரான்சில் சிறிய கார்கள் வந்தன. சித்ரோயென் 'தெ ஷெவோ' 1948 அக்டோபரில் பாரீஸ் கண்காட்சியில் வந்தது. 'தெ ஷெவோ' என்றால் இரண்டு குதிரை. வரிக்காகக் கணக்கிடும் குதிரை அது. உண்மைச் சக்தி 9 குதிரை, எஞ்சின் 375 சிசி. நம் ஊர்ப் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் 346 சிசி என்பதை நினைத்துப் பாருங்கள். காரின் எடையே சுமார் 500 கிலோதான். நாலு பேரும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற்றி மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் போதும் என்று திட்டமிட்ட கார். அதன் பின்னால் எந்த வீட்டைக் கட்டுவது? அதனால் பெரும்பாலோர் கூரை மேல் ஒரு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்தது 1956. அந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு. மார்ச் 27ல் பிரான்சில் மூன்றாவது வார விடுப்பு சட்டமானது. ரெனோ தொழிலாளர்கள் முந்தைய ஆண்டே அதைத் தங்கள் ஆலையில் பெற்றிருந்தார்கள். மே 28ல் புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அக்டோபரில் இந்திய அரசு தன் ஊழியர்களுக்கு எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகை ஆணையை வெளியிட்டது. ஓர் அரசு கூடுதலாக ஒரு வாரம் கொடுத்தது, இன்னோர் அரசு ரயில் கட்டணம் கொடுத்தது. நமக்கு வாய்த்தது இரண்டாவது. புகார் சொல்லவில்லை, அந்தச் சலுகையில்தான் நான் காசி பார்த்தேன்.

மூன்று வாரம் கிடைத்தவன் மூன்று வாரமும் கூடாரத்தில் நனைவானா? மழை வந்தால் குழந்தைகளுக்குச் சளி, தரையில் படுத்தால் பெரியவர்களுக்கு இடுப்பு வலி. சிறிய காரே இழுக்கக்கூடிய வீடு வேண்டும் என்ற தேவை அப்போதுதான் பெரிதாக எழுந்தது. இரண்டு வழிகளில் அதைத் தீர்த்தார்கள்.

ஒரு வழி விமானத்திலிருந்து வந்தது. எரிக் பாஹெம் என்ற ஜெர்மன் பொறியாளர் போரின் கடைசியில் 'நாட்டர்' என்ற ராக்கெட் விமானத்தை வடிவமைத்தவர். ஆள் ஏறிய அதன் முதல் செங்குத்துப் பயணம் 1945 மார்ச் 1ல் நடந்தது. விமானி இறந்துபோனார். அதே மனிதர் 1957ல் எர்வின் ஹைமர் என்பவரோடு சேர்ந்து இழுவை வீடு செய்தார். எரிக், பாஹெம் இரண்டு பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து 'எரிபா' என்று வைத்தார்கள். மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு. விமானம் செய்பவன் ஒவ்வொரு கிலோவையும் எண்ணுவான் அல்லவா, அந்தப் புத்தி இங்கே பயன்பட்டது. கூரை தாழ்வாக இருக்கும், ஓடும்போது காற்று அதிகம் தடுக்காது. நிறுத்திய பிறகு நடுப்பகுதியை மேலே தூக்கிக்கொண்டால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். அதில் மிகச் சிறியதற்குப் 'புக்' என்று ஒரு குட்டிப் பூதத்தின் பெயர் வைத்தார்கள்.

இன்னொரு வழி தச்சுப் பட்டறையிலிருந்து வந்தது. பிரான்சில் மாயென் ஊரைச் சேர்ந்த கோன்ஸ்தான் ரூசோ மரவேலைக்காரர். அவர் பலகைச் சுவர்கள் மடங்கும் 'ரப்பிடோ' இழுவை வீட்டை 1961ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மடக்கினால் தாழ்வான பெட்டி, விரித்தால் வீடு. ரெனோ கத்ர் என்ற மலிவுக் கார் வந்ததும் அதே 1961ல்தான். பின்னால் வருவது தெரியாமல் காரின் உயரத்துக்குள் அடங்கிவிடுவதால் சின்ன எஞ்சினும் மூச்சு வாங்காமல் இழுத்தது.

கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பேழோ 403, 1960ல் வந்த 404, சித்ரோயென் டி.எஸ். போன்றவற்றை வைத்துக்கொண்டார்கள். 403ன் எஞ்சின் 1,468 சிசி, 404ன் எஞ்சின் 1,618 சிசி. இரண்டிலும் எஞ்சினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போகும். இழுவைத் தண்டு காரின் வாலை அழுத்தும்போது பின்சக்கரம் தரையை இன்னும் நன்றாகப் பிடிக்கும். முன்சக்கரம் இழுக்கும் காரில் இது நேர்மாறு. வால் தாழ்ந்து முன்பக்கம் லேசாகிவிடுவதால் ஈரமான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். டி.எஸ். காருக்கு முன்சக்கர இழுவைதான், ஆனால் அதற்கு ஒரு தனி வித்தை உண்டு. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அதன் சஸ்பென்ஷன், பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் காரை மட்டமாகவே நிறுத்தும்.

என் சித்தப்பா ஒருவர் சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுவையில் அப்படித்தான் சொல்வோம். ஓய்வுக்குப் பின் தென்பிரான்சிலேயே தங்கிவிட்டார். 1983ல் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். ஐந்தாவது வார விடுப்பு சட்டமாகி ஓராண்டு ஆகியிருந்த சமயம். சித்தப்பாவிடம் பேழோ 504 காரும் ஒரு சிறிய இழுவை வீடும் இருந்தன. பயணத்துக்கு முதல்நாள் குளியலறையில் இருந்த எடை மெஷினை வாசலுக்குக் கொண்டுவந்தார். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் அதில் வைத்து, எடையை நோட்டில் எழுதி, கூட்டிப் பார்த்துத்தான் ஏற்றினார். சித்தி ரகசியமாக வைத்த இட்லிப் பானையும் தப்பவில்லை. எங்கள் அலுவலக இருப்புப் பதிவேடு கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. "தம்பி, சமவெளியில எல்லாம் சமர்த்தாத்தான் வரும். மலையில இறங்கும்போதுதான் அது நம்மளத் தள்ளும்" என்றார்.

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் 1,000 கிலோ வீடு, 60 கிலோ எடை தொங்குவதுபோல் காரைப் பின்னால் இழுக்கும். இறங்கும்போது அதே 60 கிலோ காரை முன்னால் தள்ளும். அதைவிட ஆபத்தானது ஆட்டம். வீட்டின் பின்கோடியில் கனமான பொருளை வைத்தால், அல்லது வேகம் கூடினால், வீடு பாம்புபோல் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். காரைவிட வீடு கனமானால் அந்த ஆட்டம் காரையே சுழற்றிவிடும். அதனால் கனமான சாமான் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். தண்டின் நுனி இரும்புக் குண்டை அழுத்தும் எடை, மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம் வரை இருக்க வேண்டும். 1,000 கிலோவுக்கு 50 முதல் 70 கிலோ. கொக்கித் தகட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவை அது தாண்டக் கூடாது. அந்த அழுத்தம் காரின் பாரத்தில் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி மருமகனுக்கு நான் எழுதி அனுப்பிய வரிசை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

முதலில் கண்காட்சிக்குப் போகாதே, காரின் பதிவுச் சான்றான 'கார்த் கிரீஸை' எடு. அதில் எஃப்.2 என்பது கார் பாரத்தோடு இருக்கக்கூடிய உச்ச எடை. எஃப்.3 என்பது காரும் வீடும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்தக் காருக்கு இழுவை அனுமதியே இல்லை என்று பொருள். பல சிறிய மின்சாரக் கார்களில் இப்படித்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு, வெறும் காரின் எடை 1,250, எஃப்.2 1,750, எஃப்.3 2,850 என்று வைத்துக்கொள். முழுப் பாரம் ஏற்றிய காருக்குப் பின்னால் 1,100 கிலோ வரை இடம் உண்டு. பிரேக் உள்ள வீட்டுக்குக் கார் கம்பெனி தனியாக ஓர் உச்ச அளவு சொல்லியிருக்கும், அதையும் பார். இதோடு, பாரம் ஏற்றிய வீடு வெறும் காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. 1,250ல் அது 1,062. ஆகவே 1,000 கிலோ உச்ச எடை உள்ள வீட்டைத் தேடு.

இப்போது வீட்டின் கணக்கு. வெறும் எடை 820, உச்சம் 1,000 என்றால் சாமானுக்கு மிச்சம் 180. கேஸ் சிலிண்டர் 25, முன்பந்தல் கூடாரம் 30, தண்ணீர் 20 லிட்டருக்கு 20, மேஜை நாற்காலி 20, பேட்டரி 20, பாத்திரமும் மளிகையும் 25, துணியும் படுக்கையும் 40. கூட்டிப் பார், சரியாக 180. குழந்தைகளின் சைக்கிள் இன்னும் வரவே இல்லை. விற்பவர் காட்டும் வெறும் எடையைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது பிரேக். வீட்டின் உச்ச எடை 750 கிலோவைத் தாண்டினாலோ, வெறும் காரின் எடையில் பாதியைத் தாண்டினாலோ, வீட்டுக்கே சொந்த பிரேக் வேண்டும். 500 கிலோவுக்கு மேல் போனால் வீட்டுக்குத் தனி கார்த் கிரீஸ் வேண்டும். ஓட்டுநர் உரிமம் சாதாரண 'பி' போதுமா என்றால், காரின் உச்சமும் வீட்டின் உச்சமும் சேர்ந்து 3,500க்குள் இருக்கும்வரை போதும். நம் உதாரணத்தில் 2,750தான், கவலையில்லை. 3,500 தாண்டி 4,250 வரை 7 மணி நேரப் பயிற்சி ஒன்று எடுக்க வேண்டும்.

கடைசியில்தான் திரைச்சீலை நிறம், குளிர்சாதனப் பெட்டி, மெத்தை எல்லாம்.

கார் ஏற்கெனவே வீட்டில் இருப்பவனுக்கு, வீட்டைத் தேர்ந்தெடுப்பது கார்தான். பெரிய வீட்டைப் பிடித்துப்போய் அதற்காகக் கடன் வாங்கிப் பெரிய கார் வாங்கினால், ஐந்து வார விடுமுறைக்காக மீதி நாற்பத்தேழு வாரமும் தவணை கட்ட வேண்டியிருக்கும். இந்தச் சிறிய வீடுகளைச் செய்தவர்கள் யாரும் காரைப் பெரிதாக்கச் சொல்லவில்லை. பாஹெம் கூரையைத் தாழ்த்தினார், ரூசோ சுவரை மடக்கினார். சம்பளக்காரனிடம் இருந்த சின்னக் காருக்கு ஏற்றபடி வீட்டை லேசாக்கினார்கள். விடுப்பைச் சட்டம் கொடுத்தது, அந்த விடுப்பில் வெளியே போய்வர இந்த லேசான வீடு வழி செய்தது.

நம் ஊர்ச் சொல்தா குடும்பங்கள் பலவற்றில் இழுவை வீட்டின் முன் நின்று எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன கார் என்று படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.